கைப்பைக்குள் ஒரு தலையணை: வெளியூர்ச் சிகிச்சைக்குச் செல்வோரும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

வெளியூர் மருத்துவமனைக்குப் புறப்படும் குடும்பத்தினரின் பையில் என்னென்ன இருக்கும் என்பதை நாங்கள் நன்கு அறிவோம். பரிசோதனைச் சீட்டுகள், மருந்துகள், மாற்று உடைகள், வெந்நீர்க் குடுவை, ஒரு பாய், ஒரு போர்வை. தலையணை மட்டும் பெரும்பாலும் வீட்டிலேயே தங்கிவிடும். பையில் இடமில்லை என்பதும், இரண்டு நாள்தானே என்பதும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். இரண்டு நாள் பத்து நாளாக நீளும்போது அந்தக் குறை தெரியவரும்.

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து மூச்சுத் திணறலுடன் வந்த பெரியவர் ஒருவரை அண்மையில் எங்கள் வார்டில் சேர்த்தார்கள். "வீட்டில் எத்தனை தலையணை வைத்துப் படுப்பீர்கள், ஐயா?" என்று மருத்துவர் கேட்டார். "ஒன்றுதான்" என்றார் அவர். அருகில் நின்ற அவருடைய மனைவி தயங்கியபடி, "இல்லை டாக்டர். முன்பெல்லாம் ஒன்றுதான். இந்தப் பத்து நாளாக மூன்று வேண்டியிருக்கிறது. என்னுடையதையும் அவருக்கே கொடுத்துவிட்டேன்" என்றார். சிகிச்சையின் திசையைத் தெளிவாக்கியது அந்த விடைதான். அதற்கான காரணத்தைப் பின்னர் விளக்குகிறோம். அந்த அம்மையாரோ பத்து இரவுகளாகத் தலையணையின்றிப் படுத்திருந்தார். மறுநாள் காலையில் அவரால் கழுத்தைத் திருப்ப இயலவில்லை.

தலையணை சிறிய பொருள்தான். ஆயினும் நோயாளியின் மூச்சுக்கும் உடனிருப்பவரின் உறக்கத்துக்கும் அது காவலாக நிற்கிறது. எடை குறைவாகவும், பைக்குள் அடங்குவதாகவும், கழுத்துக்கு இதமாகவும் உள்ள ஒரு தலையணையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கழுத்துக்கு என்ன தேவை?

கழுத்தெலும்புகள் ஏழும் நேர்க்கோட்டில் அமைந்தவை அல்ல. அவை முன்புறம் சற்றே வளைந்த அமைப்புடையவை. நிற்கும்போது உள்ள அந்த இயல்பான வளைவு படுக்கும்போதும் குலையாமல் காப்பதே தலையணையின் பணி. தலையணை மிக உயரமானால் முகவாய் மார்பை நோக்கி மடங்கும். மிகத் தாழ்ந்தால் தலை பின்னோக்கிச் சாயும். இரண்டிலும் கழுத்துத் தசைகள் இரவு முழுவதும் இழுபட்டே இருக்கும். காலையில் தோன்றும் பிடிப்புக்கும் தலைவலிக்கும் அதுவே பெரும்பாலும் காரணம்.

மல்லாந்து படுப்பவருக்கு நான்கு விரற்கடை அளவுள்ள, அழுத்தினால் சிறிது அமுங்கும் தலையணை பெரும்பாலும் போதுமானது. ஒருக்களித்துப் படுப்பவருக்கு இன்னும் உயரம் வேண்டும். தோளின் ஓரத்துக்கும் காதுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைத் தலையணை நிரப்பவேண்டும் என்பதே கணக்கு. அகன்ற தோள் உடையவருக்கு உயரமான தலையணையும், மெலிந்த உடல்வாகு உடையவருக்குத் தாழ்ந்த தலையணையும் பொருந்தும். குப்புறப் படுக்கும் வழக்கமுள்ளவர் மிக மெல்லிய தலையணையைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த நிலையில் கழுத்து இரவெல்லாம் ஒரு பக்கமே திரும்பியிருப்பதால், பக்கவாட்டில் படுக்கப் பழகுவது நல்லது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மென்மையான மெத்தையில் ஒருக்களித்துப் படுத்தால் தோள் உள்ளே அமிழும். அதனால் தலையணையின் உயரம் குறைவாக இருந்தாலும் போதும். தரையில் விரித்த பாயிலோ மரப்பலகையிலோ தோள் அமிழாது. வீட்டு மெத்தையில் இதமாக இருந்த தலையணை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தாழ்ந்துபோனதாகத் தோன்றுவது இதனால்தான். தரையில் படுக்க நேர்ந்தால் தலையணையின் அடியில் மடித்த துண்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை, எவருக்கு?

இலவம்பஞ்சுத் தலையணை: இலவு காத்த கிளிக்கு ஏமாற்றமளித்த அதே பஞ்சு, நமக்கு நல்ல உறக்கம் தருகிறது. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இதற்குப் பெயர்பெற்ற ஊர். இலவ இழை உள்ளே கூடானது. அதன்மேல் இயல்பாகவே மெழுகுப் பூச்சும் உண்டு. ஆகவே எடை குறைவு, நீரை எளிதில் ஏற்காது. முற்காலத்தில் கடலில் மிதப்பதற்கான உயிர்காப்பு அங்கிகளில் இப்பஞ்சையே அடைத்தார்கள். எனினும் வழக்கமான அளவுள்ள தலையணை பையில் பெரும் இடத்தைப் பிடிக்கும். பாதி அளவில், அளவாகப் பஞ்சடைத்துத் தைத்துத் தரும்படி கடையில் கேட்டால் பயணத்துக்கு ஏற்றதாகிவிடும். இப்பஞ்சு எளிதில் தீப்பற்றும். கொசுவர்த்திச் சுருளையும் விளக்கையும் விலக்கி வையுங்கள்.

பருத்திப்பஞ்சுத் தலையணை: உறுதியானது. ஆனால் கனமானது, வியர்வையை உறிஞ்சிக் கட்டிதட்டும், உலர நாளாகும். நெடும்பயணத்துக்கு ஏற்றதன்று.

செயற்கை இழைத் தலையணை: எடை குறைவு, துவைக்கலாம், விரைவில் உலரும். மருத்துவமனையில் நெடுநாள் தங்குவோர்க்கு இந்த எளிமை பெரிதும் உதவும். நாளடைவில் தட்டையாகிவிடுவது இதன் குறை.

நுரைத் தலையணை: ஃபோம் என்று கடையில் கேட்கலாம். வடிவம் மாறாமல் கழுத்தைத் தாங்கும். ஆனால் மடங்காது, உள்ளே காற்றோட்டம் குறைவு. நம் கடற்கரைப் புழுக்கத்தில் பின்கழுத்து வியர்க்கும். சுருட்டிக் கட்டக்கூடிய சிறிய வகையும் கிடைக்கிறது.

காற்றடைக்கும் தலையணை: எல்லாவற்றிலும் எடை குறைந்தது. 100 கிராம் அளவிலேயே கிடைக்கும், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். முழுவதும் ஊதினால் பந்துபோல் விறைத்துத் தலை உருளும். முக்கால் பங்கு ஊதி, தலையை வைத்துப் பார்த்து, சிறிது சிறிதாகக் காற்றை வெளியேற்றி உயரத்தைச் சரிசெய்வதே முறை. மேலே பருத்தித் துண்டைச் சுற்றினால் வியர்வையும் வழுக்கலும் குறையும். நுரையீரல் நோயாளிகளும், அண்மையில் கண் அல்லது வயிற்று அறுவை செய்துகொண்டவர்களும் இதை வாயால் ஊதக்கூடாது. அவர்களுக்காக வேறொருவர் ஊதும்போதும், ஊதும் வாயைச் சோப்பு நீரில் கழுவித் துடைக்கவேண்டும்.

கழுத்து வளையத் தலையணை: குதிரை இலாட வடிவிலானது. உட்கார்ந்து பயணம் செய்யும்போது மட்டும் பயன்படும், படுக்கைக்கு உதவாது. பேருந்தில் தூங்கும்போது தலை முன்னோக்கி விழுபவர்கள், வளையத்தின் திறந்த பக்கம் பின்னால் வருமாறு அணிந்தால் அது முகவாயைத் தாங்கிக்கொள்ளும்.

செலவில்லாத தலையணை: மேற்கண்ட எதுவும் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். ஒரு பருத்தி உறையை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் பையிலுள்ள சேலை, வேட்டி, போர்வை ஆகியவற்றை ஒரே அளவாக மடித்து உறைக்குள் அடுக்குங்கள். கைத்துண்டு ஒன்றை இறுகச் சுருட்டி, கழுத்து படும் ஓரத்தில் உறைக்குள்ளேயே வையுங்கள். தலை சற்றே தாழ்ந்தும் கழுத்து தாங்கப்பட்டும் இருக்கும். ஒரு மடிப்பைக் கூட்டியோ குறைத்தோ உயரத்தை மாற்றலாம். விலை கொடுத்து வாங்கும் பல தலையணைகளைவிட இது கழுத்துக்கு இதமானது.

வாங்கும்போது செய்யும் சோதனை

கையால் அழுத்திப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். கடையில் பலகையோ கட்டிலோ இருந்தால் வழக்கமாகப் படுக்கும் நிலையில் படுத்துப் பாருங்கள். உடன் வந்தவர் பார்க்கட்டும். ஒருக்களித்த நிலையில் மூக்கு, முகவாய், மார்பெலும்பு மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால் உயரம் சரி. மல்லாந்த நிலையில் பார்வை நேரே கூரையை நோக்கவேண்டும். காலை நோக்கினால் தலையணை உயரம், தலைக்குப் பின்னுள்ள சுவரை நோக்கினால் தாழ்வு. உறை தனியே கழற்றித் துவைக்கக்கூடியதா, மடித்தால் உங்கள் பையில் அடங்குமா என்பவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருப்பூர்தியிலும் பேருந்திலும்

பாம்பன் கடலைத் தாண்டி இருப்பூர்தி செல்லத் தொடங்கியது 1914ஆம் ஆண்டில். பழைய பாலத்தில் 2022 திசம்பரில் போக்குவரத்து நின்றபின், தீவு மக்கள் மண்டபத்துக்கோ இராமநாதபுரத்துக்கோ வந்து வண்டியேற வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டபின் இராமேசுவரத்திலிருந்தே மீண்டும் வண்டியேறுகிறோம். சென்னைக்குச் செல்லும் நோயாளிகள் பலர் இரவு வண்டியையே நம்பியுள்ளனர். குளிரூட்டப்படாத படுக்கைப் பெட்டியில் வழக்கமாகத் தலையணை தருவதில்லை என்பதால் சொந்தத் தலையணை கையில் இருக்கட்டும்.

பணமும் ஆவணங்களும் உள்ள பையையே தலைக்கு வைத்துப் படுப்பது நம் வழக்கம். திருட்டுக்கு அஞ்சிச் செய்வது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் அந்தப் பை கழுத்துக்கு உயரமும் கடினமும் மிகுந்தது. ஆவணங்களைச் சிறிய துணிப்பையில் இட்டு, தலையணை உறைக்குள் மடித்த துணிகளின் நடுவே வைத்துவிட்டால் காவலும் இருக்கும், கழுத்தும் தப்பும். இன்சுலின் மருந்தையோ கண்ணாடிக் குப்பிகளையோ அவ்வாறு தலைக்கடியில் வைக்காதீர்கள். உடல் வெப்பமும் அழுத்தமும் அவற்றுக்குக் கேடு.

இராமேசுவரத்துக்கு நடைப்பயணமாக வரும் அடியவர்களுக்கும் இது பொருந்தும். தோளில் சுமக்கும் ஒவ்வொரு கிராமும் மாலையில் கனக்கும். அவர்களுக்குக் காற்றடைக்கும் தலையணையோ வெறும் உறையோ போதும். ஒன்றை நினைவில் கொள்க: அக்கினி தீர்த்தத்தில் நீராடிய துண்டை உலர்த்திவிட்டோம் என்று தலையணைக்குள் வைக்காதீர்கள். துணியில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை மீண்டும் இழுத்துக்கொள்ளும். நன்னீரில் அலசி உலர்த்திய பின்னரே பயன்படுத்துங்கள்.

நோய்க்கேற்ற தலையணை

இதயம் பலவீனமானவர்களுக்கு: இப்போது அந்தப் பெரியவரின் செய்திக்கு வருவோம். இதயத்தின் இறைக்கும் ஆற்றல் குறைந்தவர் மட்டமாகப் படுக்கும்போது, கால்களில் தேங்கியிருந்த நீர்மம் மார்பை நோக்கித் திரும்புகிறது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுகிறது. தலையையும் மார்பையும் உயர்த்தினால் சற்றுத் தணிகிறது. எனவே நோயாளி தன்னையறியாமலே தலையணைகளைக் கூட்டிக்கொண்டே போகிறார். ஒன்று இரண்டானால், இரண்டு மூன்றானால், அதை வசதிக்கான விருப்பமாகக் கருதிவிடாதீர்கள். இதயம் உதவி கேட்கும் குரலாக இருக்கலாம். கால் வீக்கம், சில நாள்களுக்குள் உடல் எடை கூடுதல், நடு இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருதல் ஆகியவையும் சேர்ந்தால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் வாருங்கள். உங்கள் வீட்டு நோயாளி எத்தனை தலையணை வைக்கிறார் என்பதைக் குறித்து வைப்பதும் ஒரு மருத்துவக் குறிப்பே. மருத்துவமனைக் கட்டிலில் அவருக்கு உயரம் போதவில்லை என்றால் செவிலியரிடம் சொல்லுங்கள். உங்கள் தலையணையை விட்டுக்கொடுப்பதற்கு முன், கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்தித் தரமுடியுமா என்று கேளுங்கள்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு: தலையை மட்டும் தலையணைகளால் உயர்த்தினால் வயிறு மடங்கி எரிச்சல் கூடலாம். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரக் கட்டை வைத்து உடலின் மேற்பகுதி முழுவதையும் சரிவாக உயர்த்துவதே சரி. பயணத்தில் இது இயலாது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே உண்டு முடிப்பதும் உதவும்.

மார்பு, வயிற்று அறுவைக்குப் பின்: சிறிய தலையணை ஒன்றை அறுவைத் தழும்பின்மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி குறையும். வலிக்கு அஞ்சி இருமாமல் இருந்தால் சளி தேங்கும். ஆகவே அந்தத் தலையணை கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும்.

மூட்டு மாற்று அறுவைக்கும், முழங்காலுக்குக் கீழ் கால் அகற்றிய அறுவைக்கும் பின்: இதமாக இருக்கிறதென்று முழங்காலின் அடியில் தலையணை வைத்துப் படுக்காதீர்கள். மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். பிறகு அதை நீட்டுவது கடினம்.

நீரிழிவு நோயாளிகளுக்கும் படுக்கையிலேயே இருப்பவர்களுக்கும்: கெண்டைக்காலின் அடியில் தலையணையை நீளவாட்டில் வைத்து, குதிகால் எதன்மீதும் படாமல் இருக்கச் செய்யுங்கள். குதிகாலில் தோன்றும் அழுத்தப்புண் ஆறுவதற்கு நெடுங்காலம் ஆகும். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தை சுற்றியுள்ள தோலின் இரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் அதைத் தவிர்ப்பது நலம். எத்தனை மணிக்கொரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும் என்பதைச் செவிலியரிடம் கேட்டறியுங்கள்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு: தலையணையே வேண்டாம். முகம் புதைந்து மூச்சு தடைப்படும் ஆபத்து உண்டு. தலை உருண்டையாக அமையவேண்டும் என்று கடுகுத் தலையணை வைக்கும் வழக்கமும் இதற்கு விலக்கன்று. குழந்தையைச் சமதளமான, உறுதியான படுக்கையில் மல்லாந்து உறங்கச் செய்யுங்கள்.

விழித்திரை அறுவை செய்துகொண்டவர்கள்: குப்புறப் படுக்குமாறு சில வேளைகளில் மருத்துவர் கூறுவார். அப்போது தலையணையை எங்கே வைப்பது என்பதை அவரிடமே கேட்டு அதன்படி நடங்கள்.

தூய்மையும் பராமரிப்பும்

நம் கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி. ஈரத்தலையுடன் படுப்பதும், வியர்வை படிந்த உறையைப் பல நாள் மாற்றாமல் வைப்பதும் பூஞ்சைக்கு இடமளிக்கும். இரண்டு உறைகள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவையுங்கள். ஆஸ்துமா உள்ளவர் வாரம் ஒரு முறையேனும் உறையை வெந்நீரில் துவைக்கவேண்டும். தூசியில் வாழும் நுண்பூச்சிகள் வெந்நீரில்தான் மடியும். இலவம்பஞ்சை நீரில் துவைக்கலாகாது. வெயிலில் இருபுறமும் காயவைத்துத் தட்டி எடுங்கள். வெயிலுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை.

மருத்துவமனையில் நோயாளியின் தலையணையை உடனிருப்பவரும், உடனிருப்பவரின் தலையணையை நோயாளியும் பயன்படுத்த வேண்டாம். தரையில் வெறுமனே போடாதீர்கள். பகலில் மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். இரத்தமோ சீழோ பட்டால் செவிலியரிடம் தெரிவியுங்கள். வீடு திரும்பியதும் முதல் வேலையாக உறையைத் துவைத்து, தலையணையை வெயிலில் இடுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

படுக்கையால் வந்த கழுத்துப் பிடிப்பு வெந்நீர் ஒத்தடத்திலும் மென்மையான அசைவிலும் சில நாள்களில் தணியும். கழுத்து வலி கைக்குப் பரவினாலோ, கையில் மரத்துப்போதல் அல்லது வலுவின்மை தோன்றினாலோ, நடை தடுமாறினாலோ, விழுந்து அடிபட்டபின் வலித்தாலோ தலையணையை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரை அணுகுங்கள். காய்ச்சலும் கடுந்தலைவலியும் கழுத்து விறைப்பும் சேர்ந்து வந்தாலோ, மூச்சுத் திணறல் மிகுந்தாலோ உடனே 108 எண்ணை அழையுங்கள்.

உடனிருப்போருக்கு ஒரு சொல்

நோயாளிக்காக விழித்திருப்பதே அன்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் உறங்காத கண் மருந்துச் சீட்டைத் தவறாகப் படிக்கும். பிடித்துக்கொண்ட கழுத்தோடு ஒருவரைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைக்க இயலாது. உங்கள் உறக்கமும் நோயாளியின் சிகிச்சையில் ஒரு பகுதியே.

அந்த அம்மையாருக்கு எங்கள் இயன்முறை மருத்துவர் உறையும் மடித்த சேலையும் சுருட்டிய துண்டும் கொண்டு ஒரு தலையணை செய்து காட்டினார். நான்காம் நாள் காலையில் அவர் கழுத்தைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார். நுரையீரலில் கோத்த நீர் மருந்தால் வடிந்திருந்தது. பெரியவர் அன்று ஒரே தலையணையில் படுத்திருந்தார். மீதமிருந்த ஒன்று மனைவியிடம் திரும்பி வந்திருந்தது.

அடுத்த முறை பை கட்டும்போது இரண்டு உறைகளை மறவாமல் எடுத்து வையுங்கள். ஒன்று நோயாளிக்கு, மற்றொன்று உங்களுக்கு.